ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பிளானெட்டரி கியர் மாற்றுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துத் தேய்ந்த பிளானெட்டரி கியரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது, பொறுமையும் சுத்தமான மேசையும் உள்ள எவருக்கும் எட்டக்கூடிய வேலைதான். ஆனால் அந்தக் கியர் ஏன் தேய்ந்தது என்று தேடாமலும், அது உதிர்த்த உலோகத் துகள்களை எல்லா மூலைகளிலிருந்தும் அகற்றாமலும் பெட்டியை மூடிவிட்டால், புதிய கியரும் பழையதன் வழியிலேயே போகும். எனவே இந்தக் கட்டுரையில் பொருத்துவதைப் பற்றிச் சொல்வதற்கு இணையாகக் கண்டறிவதைப் பற்றியும் சுத்தம் செய்வதைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். இங்கே விவரிக்கும் முறை பின்சக்கர இயக்கம் கொண்ட வாகனங்களின் நீளவாக்கு கியர்பாக்ஸை மனத்தில் கொண்டது. முன்சக்கர இயக்க வாகனங்களில் டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள் இருப்பதால் கழற்றும் வரிசை மாறும்; உள்ளே பின்பற்றும் விதிகள் மாறுவதில்லை. பெல்ட்டின் மூலம் விகிதத்தைப் படியின்றி மாற்றும் சிவிடி, இரட்டைக் கிளட்ச் வகைகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

உள்ளே நடப்பது என்ன

ஒரு பிளானெட்டரி தொகுதியில் நடுவில் சன் கியர், அதைச் சுற்றி பினியன்கள் எனப்படும் மூன்று முதல் ஆறு வரையிலான சிறு கியர்கள், அந்தப் பினியன்களைத் தாங்கும் கேரியர், எல்லாவற்றுக்கும் வெளியே உட்புறம் பல் வெட்டிய ரிங் கியர் ஆகியவை உள்ளன. இவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, மற்றொன்றைச் சுழற்றினால், மூன்றாவது உறுப்பு குறிப்பிட்ட விகிதத்தில் சுழலும். பிடித்து நிறுத்துவதும் சுழற்றிவிடுவதும் கிளட்ச் தட்டுகள், டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டைகளான பேண்டுகள், ஒருவழிக் கிளட்சுகள் ஆகியவற்றின் வேலை.

எடுத்துக்காட்டாக, சன் கியரில் 30 பற்களும் ரிங் கியரில் 72 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். ரிங் கியரை நிறுத்திவிட்டுச் சன் கியரைச் சுழற்றினால், கேரியர் ஒரு முறை சுற்றச் சன் கியர் 3.4 முறை சுற்ற வேண்டும். கேரியரை நிறுத்தினால் ரிங் கியர் எதிர்த்திசையில், 2.4-க்கு 1 என்ற விகிதத்தில் சுழலும். ரிவர்ஸ் கிடைப்பது இப்படித்தான். ஏதேனும் இரண்டு உறுப்புகளை ஒன்றோடொன்று பூட்டிவிட்டால் முழுத் தொகுதியும் ஒரே கட்டியாகச் சுழல்கிறது. அதுவே நேரடி கியர். இந்தக் கடைசி நிலையில் பற்களுக்கிடையே உரசல் எதுவும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறைக் கண்டறிவதற்கு இது உதவும்.

நடைமுறையில் ஒரே கியர்பாக்ஸில் இத்தகைய தொகுதிகள் பல இருக்கும். ஒரே சன் கியரை இரு தொகுதிகள் பகிர்ந்துகொள்ளும் சிம்ப்சன் அமைப்பு பழைய மூன்று வேகப் பெட்டிகளில் பரவலாக இருந்தது. இரண்டு சன் கியர்களும், நீண்ட பினியன்களும் குட்டைப் பினியன்களும் ஒரே கேரியரில் அமைந்தது ரவினோ அமைப்பு. 2009-இல் உற்பத்திக்கு வந்த இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேகப் பெட்டியில் நான்கு பிளானெட்டரி தொகுதிகளும், அவற்றைக் கட்டுப்படுத்த ஐந்து கிளட்ச், பிரேக் உறுப்புகளும் உள்ளன. உங்கள் கையில் இருப்பது எந்த அமைப்பு என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

பழுது உண்மையில் கியரில்தானா?

பெட்டியை இறக்குவதற்கு முன்பு அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது, பின்னால் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். குறிப்பிட்ட சில கியர்களில் மட்டும் ஊளையிடுவது போன்ற சத்தம் எழுந்து, நேரடி கியருக்கு மாறியதும் அடங்கிவிட்டால், பிளானெட்டரி தொகுதியைச் சந்தேகிக்கலாம். நெம்புகோல் எந்த நிலையில் இருந்தாலும், வண்டி நின்றிருந்தாலும், இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் பெரும்பாலும் ஆயில் பம்பிலிருந்தோ அடைபட்ட ஃபில்டரிலிருந்தோ வருவது. எல்லாக் கியர்களிலும் வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைவது டிஃபரன்ஷியல் அல்லது சக்கர பேரிங்கின் சத்தமாக இருக்கக்கூடும்.

எந்தக் கியர்களில் சத்தம் அல்லது வழுக்கல் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பணிமனைக் கையேட்டில் உள்ள கிளட்ச் செயல்பாட்டு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அந்தக் கியர்களில் எல்லாம் வேலை செய்து, மற்றவற்றில் சும்மா இருக்கும் உறுப்பு எதுவோ, அதுவே முதல் சந்தேகம். சன் கியரோடு இணைந்த உருளை உடைந்தால் ரிவர்ஸும் அந்த உருளையைப் பயன்படுத்தும் முன்னோக்கு கியர்களும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். அதைப் பயன்படுத்தாத கியர்கள் மட்டும் ஒழுங்காக இருக்கும். இப்படிப்பட்ட சேர்க்கைகள் ஏதோ ஒரு தற்செயலால் வருவதில்லை.

அடுத்து பெட்டியின் அடியில் உள்ள ஆயில் பேனை (எண்ணெய்த் தட்டை) இறக்குங்கள். அடியில் உள்ள காந்தத்தில் நைசான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலால் தேய்க்கும்போது குத்தும் இரும்புச் சீவல்கள், ஊசி போன்ற மெல்லிய உருளைகள், பல்லின் முனைத் துண்டுகள் ஆகியவை இயல்பல்ல. ஊசி உருளை ஒன்று கிடைத்தாலே போதும், ஒரு பினியனின் உள் பேரிங்கோ அச்சின் போக்கில் வரும் தள்ளலைத் தாங்கும் ஒரு த்ரஸ்ட் பேரிங்கோ சிதைந்துவிட்டது என்று பொருள். காந்தத்தில் ஒட்டாத பித்தளை நிறப் பொடி புஷ்களிலிருந்தும் த்ரஸ்ட் வாஷர்களிலிருந்தும் வருகிறது. வெள்ளி நிறத்தில் ஒட்டாமல் மிதப்பது அலுமினியம், அதாவது எங்கோ ஒரு பாகம் கேஸை (பெட்டியின் வெளிக்கூட்டை) உரசிக்கொண்டிருக்கிறது.

ஏன் தேய்ந்தது

என் கணிப்பில் இதுவே முழு வேலையின் மையம். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெய் பம்பிலிருந்து, இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்டருக்கும், அங்கிருந்து எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்கும், கூலரிலிருந்து திரும்பி வந்து ஷாஃப்டின் நடுவே துளைத்த வழிகள் மூலமாகப் பிளானெட்டரி தொகுதிகளுக்கும் போகிறது. ஆக, மசகு எண்ணெய் சுற்றின் கடைசி வீட்டில் இருப்பவை பினியன்கள். கூலர் அடைபட்டால் முதலில் பட்டினி கிடப்பவையும் அவையே. கூலரில் தங்கிய துகள்கள் கிளம்பினால் முதலில் வாங்கிக்கொள்பவையும் அவையே.

மற்றொரு காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயில் பம்பைச் சுழற்றுவது இன்ஜின். இன்ஜின் அணைந்த நிலையில், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றால், பின் ஷாஃப்டும் அதோடு இணைந்த கியர்களும் சுழலும், எண்ணெய் மட்டும் வராது. அப்படி இழுத்துச் செல்லப்பட்ட பெட்டியில் பினியன் அச்சுகள் நீலம் பாய்ந்திருப்பதைக் காணலாம். குறைந்த எண்ணெய் அளவு, தவறான வகை எண்ணெய், தாங்கும் திறனுக்கு மீறிய சுமை, சேற்றில் சிக்கிய வண்டியை டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றி மாற்றி உலுக்கியது ஆகியவையும் பட்டியலில் உண்டு. வண்டியின் உரிமையாளரிடம் இவற்றைப் பற்றி நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

வாங்க வேண்டியவை

உங்கள் பெட்டியின் குறியீட்டு எண்ணுக்கு உரிய பணிமனைக் கையேடு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், காந்தக் காலுடன் கூடிய டயல் கேஜ், உள் மற்றும் வெளி சர்க்ளிப் (பாகங்களை நழுவாமல் பூட்டும் வளையம்) பிளையர்கள், கிளட்ச் ஸ்ப்ரிங்கை அழுத்தும் கருவி, கியர்பாக்ஸ் ஜாக், காற்று அழுத்தி ஆகியவை தேவை. ஓவர்ஹால் கிட் என்று விற்கப்படும் சீல், கேஸ்கெட், ஓ-ரிங் தொகுப்பையும், புதிய ஃபில்டரையும், முடிந்தால் கிளட்ச் தட்டுகளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பெட்டி பிரிந்து கிடக்கும்போது பழைய சீல்களை மறுபடி போடுவது போன்ற பொய்ச் சிக்கனம் வேறில்லை.

பிளானெட்டரி பாகத்தைப் பொறுத்தவரை, பினியன்களையும் அச்சுகளையும் மட்டும் தனியாக மாற்றும் கிட்டுகள் சில பெட்டிகளுக்குக் கிடைக்கின்றன. அச்சுகளை அழுத்தி ஏற்றி, முனைகளைத் தட்டி விரித்துப் பூட்ட வேண்டிய அந்த வேலையைப் புதியவர்கள் தவிர்த்துவிட்டு, முழுக் கேரியராகவே வாங்குவது மேல். அதோடு உறவாடும் சன் கியரையும் ரிங் கியரையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். தேய்ந்த பல்லோடு புதிய பல் சேர்ந்தால் சத்தம் போகாது. கையில் வந்ததும் பழையதிலும் புதியதிலும் பற்களை எண்ணுங்கள். ஒரே பெயருள்ள பெட்டிக்கு வெவ்வேறு ஆண்டுகளிலும் வெவ்வேறு இன்ஜின்களுக்கும் வெவ்வேறு பல் எண்ணிக்கை இருப்பது சாதாரணம். ஓர் எளிய சோதனையும் உண்டு: எளிய பிளானெட்டரி தொகுதியில் ரிங் கியரின் பற்கள், சன் கியரின் பற்களோடு பினியன் பற்களின் இரு மடங்கைக் கூட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மேலே சொன்ன 30, 72 தொகுதியில் பினியனுக்கு 21 பற்கள்.

பெட்டியை இறக்குதல்

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். வண்டியைச் சமதளத்தில் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. எண்ணெயை வடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்பில் குறியிட்டுக் கழற்றி, நெம்புகோல் இணைப்பு, ஒயரிங் கனெக்டர்கள், கூலர் குழாய்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றை விலக்குங்கள்.

இன்ஜினின் பின்முனையில் உள்ள மெல்லிய தட்டான ஃபிளெக்ஸ் பிளேட்டோடு கன்வெர்டரை இணைக்கும் போல்ட்டுகளை ஸ்டார்ட்டர் துவாரத்தின் வழியாகவோ சிறு மூடியின் வழியாகவோ, இன்ஜினைக் கையால் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்தபின், பெட்டியை ஜாக்கில் சங்கிலியால் கட்டி, கிராஸ் மெம்பரையும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் எடுங்கள். பின்னோக்கி இழுக்கும்போது கன்வெர்டர் பெட்டியோடு சேர்ந்தே வர வேண்டும். அது இன்ஜின் பக்கம் தங்கிவிட்டால் பம்பின் சீலும் புஷ்ஷும் சிதையும். வெளியே வந்ததும் அது நழுவி விழாதபடி ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். உள்ளே சில லிட்டர் எண்ணெய் இருப்பதால் தோற்றத்தைவிட அதற்கு எடை அதிகம்.

பிரித்தல்

பிரிக்கத் தொடங்கும் முன் இன்புட் ஷாஃப்டின் முன்பின் அசைவை டயல் கேஜால் அளந்து எழுதி வையுங்கள். முடிவில் ஒப்பிடுவதற்கு இந்த எண் தேவைப்படும். வெளிப்புறத்தை நன்கு கழுவிய பிறகே எதையும் திறக்க வேண்டும்.

பேன், ஃபில்டர், எண்ணெயைக் கிளட்சுகளுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடி என்ற வரிசையில் இறக்குங்கள். வால்வ் பாடியைத் தூக்கும்போது அதன் வாய்க்கால்களிலிருந்து சிறு உருண்டைகள் உதிரக்கூடும். எது எந்தக் குழியில் இருந்தது என்பதைக் கையேட்டின் படத்தோடு சரிபார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியைப் பெல் ஹவுசிங் மேலே பார்க்கும்படி செங்குத்தாக நிறுத்தி, பம்பை இழுத்தெடுத்து, கிளட்ச் டிரம்கள், சன் கியர் உருளை, முன் பிளானெட்டரி, அதைத் தாங்கும் சர்க்ளிப், பின் பிளானெட்டரி என்று ஒவ்வொன்றாக மேலே எடுங்கள். பெட்டிக்குப் பெட்டி இந்த வரிசை வேறுபடும்.

எடுத்த ஒவ்வொன்றையும் மேசையில் இடமிருந்து வலமாக, எடுத்த முகம் மாறாமல் வரிசையாக வையுங்கள். த்ரஸ்ட் பேரிங்குகளும் வாஷர்களும் எண்ணெயின் பிசுக்கால் மேலே இருக்கும் பாகத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் தூக்கியதும் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருப்பது எந்தப் பக்கம், அதன் உருளைகள் தெரியும் முகம் எந்தத் திசை என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் சுமை ஏறும்போது அவை அச்சின் போக்கில் தள்ளுகின்றன. அந்தத் தள்ளலைத் தாங்கும் பேரிங்கைத் தலைகீழாகப் போட்டால் புதிய கேரியர் வெகுநாள் தாங்காது.

கேரியரைப் பார்க்கும் விதம்

கேரியரைக் கழுவி உலர்த்தி, வெளிச்சத்துக்குக் கீழே பிடியுங்கள். ஒவ்வொரு பினியனையும் விரல் நுனியால் மெதுவாகச் சுழற்றினால், நல்ல பினியன் வழுவழுவென்று ஓடும். உள் ஊசிகள் குழி விழுந்த பினியன் மணலில் உருள்வதுபோல் நறநறக்கும். அதே பினியனை இரு விரல்களால் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் கண்டால் பேரிங் போய்விட்டது. பிறகு பினியனுக்கும் கேரியர் சுவருக்கும் நடுவே ஃபீலர் கேஜைச் செருகி இடைவெளியை அளக்க வேண்டும். பல கையேடுகள் 0.2 முதல் 0.6 மி.மீ. வரை அனுமதிக்கின்றன, உங்கள் பெட்டிக்கு உரிய எண்ணே முடிவானது. ஒரே கேரியரில் மற்றவை 0.3 காட்ட, ஒன்று மட்டும் 0.9 காட்டினால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

அச்சின் முனையில் நீலமோ பழுப்போ படர்ந்திருக்கிறதா, அச்சு தன் துளையில் தளர்ந்து சுழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பல் முகங்களில் மெருகேறிய பளபளப்பு பரவாயில்லை. சொறி பிடித்ததுபோல் சிறு குழிகள் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். சன் கியரின் உள் புஷ், ஸ்பிளைன் பற்கள், டிரம்மின் காதுகள் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். ஒருவழிக் கிளட்ச் ஒரு திசையில் தடையின்றிச் சுழன்று, மறு திசையில் உடனே பூட்டிக்கொள்ள வேண்டும்.

சுத்தம்

கேஸின் ஒவ்வொரு துளையிலும் கரைப்பானைச் செலுத்தி, காற்றடித்து, மறுமுனையில் வெளிவருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். இன்புட் ஷாஃப்டின் மசகுத் துளைகளுக்கு இது இன்னும் முக்கியம். வால்வ் பாடியைப் பிரித்துக் கழுவி, ஒவ்வொரு வால்வும் தன் எடையாலேயே நழுவி இறங்குகிறதா என்று பாருங்கள். நூல் உதிரும் துணியைப் பயன்படுத்த வேண்டாம், ஒரு நூலிழை ஒரு சோலினாய்டை (மின்சாரத்தால் இயங்கும் வால்வை) நிறுத்திவிடும்.

கன்வெர்டரை உள்ளே கழுவ வழியில்லை. பேனில் உலோகச் சீவல்கள் கிடந்திருந்தால், புதியதோ முறையாக வெட்டிப் புதுப்பித்ததோ வாங்குவதைத் தவிர வேறு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூலரை இரு திசைகளிலும் அலசுங்கள். குறுகிய வழிகள் கொண்ட அடுக்குத் தட்டு வகையாக இருந்தால் அலசியும் நம்ப முடியாது, மாற்றிவிடுங்கள்.

பூட்டுதல்

புதிய உராய்வுத் தட்டுகளை உரிய ஆட்டோமேட்டிக் எண்ணெயில் குறைந்தது ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். சீல்கள், பேரிங்குகள் எல்லாவற்றிலும் அதே எண்ணெயைத் தடவுங்கள். த்ரஸ்ட் பேரிங்குகளும் வாஷர்களும் இடம் நழுவாமல் இருக்கப் பெட்ரோலியம் ஜெல்லியைப் பயன்படுத்துங்கள். அது சூடேறியதும் எண்ணெயில் கரைந்துவிடும். சாதாரண கிரீஸ் கரையாது, ஃபில்டரிலும் மசகுத் துளைகளிலும் போய் அடைத்துக்கொள்ளும்.

கேரியரை இறக்கும்போது சாய்வான பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளச் சற்றே திருப்பிக்கொண்டே இறக்க வேண்டும். கிளட்ச் டிரம்மை ஹப்பின் மேல் இறக்கும்போது இன்னும் பொறுமை தேவை. டிரம்மை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால், ஒவ்வொரு தட்டின் பல்லும் ஹப்பின் பள்ளத்தில் விழும்போது டிரம் ஒரு படி இறங்குவது கைக்குத் தெரியும். தட்டுகளின் எண்ணிக்கையும் இறங்கிய படிகளும் ஒத்துவர வேண்டும். கடைசித் தட்டு விழாத நிலையில் சுத்தியலால் தட்டினாலோ பம்பை இறுக்கினாலோ தட்டின் பற்கள் நொறுங்கும். எந்தப் பாகமும் தானாக இறங்கவில்லை என்றால், அது ஏன் என்று கண்டுபிடிக்கும் வரை மேலே போகாதீர்கள்.

ஒவ்வொரு கிளட்ச் தொகுதியிலும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, உரிய கனமுள்ள தட்டு அல்லது சர்க்ளிப்பால் சரிசெய்யுங்கள். பின்பு ஒவ்வொரு கிளட்சின் எண்ணெய்த் துளையிலும் 2 முதல் 3 பார் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், பிஸ்டன் ‘டொக்’ என்று ஒரே அடியாக நகர்வது கேட்க வேண்டும். நீண்ட சீறல் கேட்டால் சீல் மடிந்திருக்கிறது.

பம்பின் போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே இன்புட் ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால் உடனே நிறுத்துங்கள், உள்ளே ஒரு பேரிங் இடம் மாறியிருக்கிறது. முழுவதும் இறுக்கியபின் டயல் கேஜால் அசைவை மறுபடி அளந்து, கையேட்டின் வரம்புக்குள் இல்லையென்றால் வேறு கனமுள்ள வாஷரைத் தேர்ந்தெடுங்கள். வால்வ் பாடியின் போல்ட்டுகளுக்குப் பல பெட்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். கைப்பழக்கத்தில் கூடுதலாக இறுக்கினால் அலுமினிய மரை கழன்று வரும், அல்லது வால்வ் சிக்கும்.

கன்வெர்டரும் முதல் ஓட்டமும்

கன்வெர்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் ஆகியவற்றின் பிடிகளில் அது ஒவ்வொன்றாக விழுவதை உணரலாம். பெல் ஹவுசிங் விளிம்பிலிருந்து அதன் ஆழத்தை அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பெட்டியை இன்ஜினோடு சேர்த்தபின், போல்ட் போடும் முன்பு, கன்வெர்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டால் இழுத்து இறுக்கினால், இன்ஜின் கிளம்பும் முதல் நொடியிலேயே பம்ப் உடையும்.

தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி நெம்புகோலை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி நகர்த்தி, குறையும் எண்ணெயை நிரப்புங்கள். இந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டாம். கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டுப் பார்த்தால், ஐடிலில் அரை நிமிடத்துக்குள் ஒரு லிட்டர் அளவாவது வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் ஓட்டிப் பார்க்கும் எண்ணத்தை விட்டு, அடைப்பைத் தேடுங்கள். இறுதி அளவைக் கையேடு சொல்லும் வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும். அளவு கூடினாலும் கெடுதல்தான், சுழலும் பாகங்கள் எண்ணெயை நுரையாக்கிவிடும்.

மின்னணுக் கட்டுப்பாடு உள்ள பெட்டிகளில் ஸ்கேனர் கருவியால் பழைய பழக்கப் பதிவுகளை அழித்து, புதிதாகக் கற்கவைக்கும் முறையைக் கையேட்டின்படி செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் மிதமான வேகத்தில் எல்லாக் கியர்களும் விழுகின்றனவா, முன்பு ஊளையிட்ட கியர்களில் இப்போது என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பேனை மீண்டும் ஒரு முறை இறக்கி, காந்தத்தைத் துடைத்து, ஃபில்டரையும் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். புதிய தட்டுகள் பதிந்த கரும்பொடியும் மெல்லிய சாம்பல் பசையும் இருந்தால் கவலையில்லை; சீவல்கள் தென்பட்டால், அன்றே வண்டியை நிறுத்திவிட்டுக் கூலரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.